எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி மருந்து

பூங்கனியக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு நான் ரோட்டுக்கு ஓடிவந்தேன். அவள் புருஷன் கிருஷ்ணமணியின் லோடு ஆட்டோ தெருமுக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் தார்ப்பாயில் அவளுடைய பெரிய கிடா செத்துக் கிடந்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தூறலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குறுக்கே நின்று வண்டியை மறித்தேன்.

"நீ மாறு மக்கா. இது ஒம்பதாவது ஆடு. இன்னைக்கு அந்த மரியஜானை உள்ள தூக்கி வைக்காம எனக்குத் தொண்டையில வெள்ளம் எறங்காது."

மரியஜான் எங்கள் ஊர்க் குளத்தடியில் ஏத்தன் வாழை போட்டிருப்பவர். ஆவணியில் பூங்கனியக்காவின் செம்மறிகள் வேலி இடுக்கு வழியாக நுழைந்து அவருடைய வாழைக்கன்றுகளை மேய்ந்துவிட்டன. "இனி ஒரு ஆடு உள்ள கேறிச்சுன்னா உயிரோட திரும்பாது, பாத்துக்கோ" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. புரட்டாசி கடைசியில் சாவு தொடங்கியது. அவளுடைய நாற்பது ஆட்டில் எட்டு போய்ச் சேர்ந்த பிறகு, முந்தின நாள் சாயங்காலம் டீக்கடை முன்னால் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள். "வாழைக்கு வைக்கப்பட்ட பூச்சிமருந்துக் குருணைய தவிட்டுல கலந்து வச்சீரு. வெசம் வச்ச கை வெளங்காது ஓய்" என்று ஊர் பார்க்கச் சொன்னாள். மரியஜான் கையில் இருந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேசாமையையும் அவள் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டாள்.

அவள் பக்கம் இன்னொரு நியாயமும் இருந்தது. செத்தவை எல்லாம் பெரிய ஆடுகள். தாய் ஆடுகள், கிடாக்கள். குட்டிகளில் ஒன்றுகூட விழவில்லை. "நோவுன்னா குட்டிதானே முதல்ல போவணும்? இது ஆளு பாத்து, நல்ல ஆடாப் பாத்து வைக்கப்பட்ட வெசம்" என்பாள். அதற்கு ஊரில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

நான் கிடாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். தாடைக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய பலூன்போல ஒரு பை தொங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெல்ல நிரம்பியது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரிப் படி ஏறியவர் கிடையாது. அப்பா செங்கல் சூளையில் மண் மிதித்து வாங்கித் தந்த விலங்கியல் பட்டம் என்னுடையது. அதை எங்கும் கூசாமல் சொல்வேன். அந்தப் பட்டத்தால்தான் அஞ்சுகிராமத்துப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில், பரிசோதனை அறையில், எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. தாடை வீக்கத்தை அங்கே இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். விஷம் தின்ற ஆட்டுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, வெசம்னு எழுதிக் குடுத்தா போலீசு முதல்ல கேக்கப்போறது டாக்டர் சீட்டு. அறுத்துப் பாத்துட்டுப் போவோம். வெசம்தான்னா நானே சாச்சி சொல்லுதேன்."

கிருஷ்ணமணி அவளிடம் கேட்காமலே வண்டியை மருந்தகத்துப் பக்கம் திருப்பினார்.

டாக்டர் ஜெஸ்பின் இராஜாக்கமங்கலத்துக்காரர். பேச்சில் சர்க்கரை வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பின்புறக் கொட்டகையில் ஆட்டைக் கிடத்தி, முதலில் கீழ் இமையை விரித்துக் காட்டினார். உள்பக்கம் தேங்காய்ப் பருப்பு நிறத்தில் இருந்தது. ரத்தம் ஓடிய இடம் என்று சொல்ல முடியாது. பிறகு வயிற்றைத் திறந்தார். செம்மறிக்கு வயிறு நாலு அறை. நாலாவது அறையைக் கத்தரித்துத் தட்டில் கவிழ்த்தபோது கிருஷ்ணமணி இரண்டடி பின்னால் போனார்.

உள்ளே சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டு நெளிந்தன. விரல் நீளம்கூட இல்லாத நூல்கள். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கி விட்டதுபோல. ஆயிரமோ, அதற்கு மேலோ.

"அந்தச் செவப்பு உங்க கிடாக்க ரத்தம்" என்றார் டாக்டர். "குடிச்சே கொன்னிருக்கு. வெசமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. குடல்புழு."

பூங்கனியக்கா தட்டைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "இருக்காது டாக்டரம்மா. புழுவுக்கு மருந்து குடுத்திருக்கேன். பன்னெண்டு நாள்தான் ஆச்சு. ஒத்த ஆடு விடாம, எனக்க கையால குடுத்தேன்."

அவள் பொய் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளைத் தெரிந்த யாருக்கும் தெரியும்.

பூங்கனியக்காவுக்கு ஆடு வந்த கதையே தனி. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட வடக்கேயிருந்து செம்மறி மந்தை வரும். இரவில் ஆடுகளை வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். ஒரு வருஷம் கிடைக்காரர்கள் கிளம்பும்போது நடக்க முடியாத இரண்டு பெட்டைக் குட்டிகளை வரப்பில் விட்டுப் போனார்கள். ஒன்றுக்குக் கால் முடம், ஒன்றுக்குக் கண்ணில் பூ. நாய் கடிப்பதற்குள் அவள் இரண்டையும் தூக்கிவந்து, சோறு வடித்த கஞ்சியைத் துணியில் நனைத்து ஊட்டினாள். "மனுசருக்கே இடமில்ல, ஆட்டுக்குக் கட்டிலா?" என்று கிருஷ்ணமணி கேட்டாராம். "ஒமக்கு இடமில்லன்னா நீரு பொறத்த திண்ணையில படும்" என்றாளாம். அந்த முடக்குட்டியும் பூக்கண்ணியும் பெருகித்தான் நாற்பது. ஒரு ஆட்டைக்கூட அவள் சந்தையில் வாங்கியதில்லை.

ஊர் அவளை ஆட்டுக்காக மட்டும் அறியவில்லை. எங்கள் தெருவில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கல் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு என்கிற மத்தியான வழிபாடு முடிந்ததும் அன்னம் பரிமாறுவார்கள். பதினைந்து வருஷமாக அகப்பை அவள் கையில்தான். யாருக்கும் கூடவும் போடமாட்டாள், குறையவும் போடமாட்டாள். ஒருமுறை பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் இன்னும் கொஞ்சம் என்று இலையைக் காட்டியபோது, "எல்லாருக்கும் ஒரு சுத்து முடியட்டு. கலெக்டர் வந்தாலும் ஒரு அகப்பை, காக்கா வெரட்டுறவன் வந்தாலும் ஒரு அகப்பை" என்று தாண்டிப் போய்விட்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். அவள் கையில் பாரபட்சம் இருக்காது என்பது ஊரில் சத்தியத்துக்குச் சமம்.

"மருந்தை எப்படிக் குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிளாஸ்டிக் மூடியை எடுத்து நீட்டினாள். மருந்துக் குப்பியின் மூடி. "இதால ஒரு மூடி. வரிசையா பிடிச்சு, வாயைத் தொறந்து, சிந்தாம."

"குட்டிக்கு?"

"ஒரு மூடி."

"இந்தக் கிடாவுக்கு?"

"அதுக்கும் ஒரு மூடிதான். எனக்கு எல்லாம் ஒண்ணுதான் டாக்டரம்மா. ஒண்ணுக்குக் கூட்டி ஒண்ணுக்குக் குறைச்சுக் குடுத்தா எனக்கு ஒறக்கம் வராது."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு மூடியை வாங்கித் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"எத்தன வருசமா?"

"ஆறு வருசம். வருசத்துக்கு மூணு தடவை. இதே வெள்ளை மருந்து."

"பத்துக் கிலோ குட்டிக்கு ஒரு மூடி சரி. இந்தக் கிடா நாப்பது கிலோ இருக்கும். நாலு மூடி வேணும். நீங்க ஒண்ணு குடுத்திருக்கீங்க. அது புழுவைக் கொல்லக் காணாது. கொறஞ்ச மருந்துல பொழைச்ச புழுவு, மருந்தைப் பழகின புழுவு. அதுதான் முட்டை போட்டுப் போட்டுப் பெருகியிருக்கு. ஆறு வருசமா நீங்க ஆட்டை வளத்தீங்களோ இல்லையோ, புழுவை நல்லா வளத்திருக்கீங்க."

பெரிய ஆடு ஏன் சாகிறது, குட்டி ஏன் சாகவில்லை என்பதற்குப் பதில் அந்த மூடியில் இருந்தது. அவளுக்கு அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். கிடாவின் காதைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. என் பங்கும் அதில் இருந்தது. சித்திரையில் அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள், "நீ படிச்சிருக்கியே மக்கா, நான் குடுக்க மருந்து சரியான மருந்துதானா?" என்று. குப்பியின் சீட்டைப் படித்துவிட்டு, "சரியான மருந்துதான் அக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

"மிச்சம் முப்பத்தொண்ணு இருக்கு" என்றாள். "அதுவள என்ன செய்ய?"

டாக்டர் வேறு இன மருந்து ஒன்று இருப்பதாகச் சொன்னார். இந்தப் புழு அதை இன்னும் கண்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு ஆட்டையும் நிறுத்து, கிலோவுக்கு இத்தனை என்று ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுக்க வேண்டும். "இன்னொண்ணு. புது மருந்து ஏறிச்சுன்னா இருபத்தெட்டு நாளைக்கு அந்த ஆட்டைக் கறிக்குக் குடுக்கப்பிடாது. திங்கிறவங்க ஒடம்புக்குப் போகும்."

அதைக் கேட்டதும் கிருஷ்ணமணி முன்னால் வந்தார். "அது நடக்காது டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை கறிக்காரருக்க வண்டி வருது. முப்பத்தொண்ணையும் ஏத்தச் சொல்லிட்டேன்."

பூங்கனியக்கா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி.

"என்னட்டி பாக்க? நாளைக்கு ஒண்ணு, மறுநாளு ஒண்ணுன்னு எல்லாம் சாவும். குழி வெட்டி எனக்கு நடு ஒடிஞ்சு போச்சு. உயிரோட இருக்கப்பவே போவட்டும்."

"புது மருந்து கேக்குமா டாக்டரம்மா?" என்றாள் அவள், புருஷனைப் பார்க்காமல்.

"கேக்கும்னு நெனக்கேன். ரத்தம் ரொம்ப வத்தின ஆடு மருந்து கேட்டாலும் விழும். சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன்."

அன்று வியாழக்கிழமை. இடையில் வெள்ளியும் சனியும்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பத்துப் பெரிய ஆட்டின் புழுக்கையைத் தனித்தனிப் பொட்டலமாக அவள் கொண்டுவந்தாள். உப்புக் கரைசலில் கரைத்தால் புழுவின் முட்டைகள் மேலே மிதக்கும். கோடு போட்ட கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். மத்தியானம் வரை எண்ணினேன். கிராமுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு முட்டை, சராசரியாக. மருந்து கொடுத்துப் பதின்மூன்று நாள் ஆன ஆட்டில் நூறு இருந்தாலே அதிகம். வெள்ளை மருந்து அந்தப் புழுக்களுக்கு இப்போது வெறும் வெள்ளைத் தண்ணீர். கணக்கை எழுதி டாக்டரிடம் வைத்தேன்.

"எடை போடத் தொங்கு தராசு வேணும். வாழைக்குலை தூக்குவாங்களே, அது" என்றார் டாக்டர். "இங்க இருக்கப்பட்டது தரையில வைக்கப்பட்டது, கொண்டுவர முடியாது. உங்க ஊருல யாருகிட்ட இருக்கு?"

நானும் பூங்கனியக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் அது ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

மரியஜான் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த வாழைகளுக்கு முட்டுக்கம்பு கொடுத்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நாங்கள் நின்றதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஒரு கம்பை நட்டு முடித்தார்.

"போலீசு கூட வரல்லியா?"

"இல்லண்ணே." பூங்கனியக்காவின் குரல் உடைந்திருந்தது. "வெசம் இல்ல. புழுவு. தப்பு எனக்க கையில. ஊரு பாக்க ஒங்களப் பேசிட்டேன். ஊரு பாக்கவே வந்து சொல்லுதேன், எங்கன்னு சொல்லுங்க."

"அந்த டீக்கடைல எனக்க பெண்டாட்டிக்க தம்பி இருந்தான். அவன் ஞாயித்துக்கிழமை கோயில்ல வச்சு எங்கிட்ட கேப்பான், மச்சான் எத்தன ஆட்டைக் கொன்னீருன்னு. நான் என்ன சொல்லட்டு?"

அவள் தலை குனிந்து நின்றாள். மழை மறுபடி பிடித்தது.

"எதுக்கு வந்த? அதைச் சொல்லு."

"தராசு."

"என்னது?"

"குலை தூக்க தராசு. ஆட்டை நிறுத்து மருந்து குடுக்கணும். ஞாயித்துக்கிழமைக்கு மின்ன."

மரியஜான் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். அவருக்குச் சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லாருக்கு. நாளைக்கு ஒரு ஆடு செத்தா தராசுல வெசம் தடவினேன்னு சொல்லுவா. தராசை நான் வெளிய குடுக்க மாட்டேன்." திரும்பி நாலு எட்டு நடந்தவர் நின்றார். "நானே கொண்டு வாரேன். நானே தூக்குவேன். எனக்க கண்ணு முன்னால எல்லாம் நடக்கட்டு."

சனிக்கிழமை மத்தியானம் குளத்தங்கரை வேப்பமரக் கிளையில் தராசு தொங்கியது. மரியஜான் சாக்கில் நாலு ஓட்டை போட்டு, ஆட்டின் கால்கள் வெளியே வரும்படி தூளி கட்டியிருந்தார். குலை எடை சொல்லிப் பழகிய தொண்டை அவருக்கு. ஒவ்வொரு ஆட்டையும் தூக்கி, "இருவத்தி ரெண்டரே!" என்று கூவினார். நான் எழுதினேன். டாக்டர் கண் இமையை விரித்துப் பார்த்தார். இமை வெளுத்திருந்தால் சிரிஞ்சில் மருந்தை அளந்து பூங்கனியக்காவிடம் நீட்டினார். அவள் வாயோரத்தில் விட்டு, விழுங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாலு ஆடும் நல்லபடியாகப் போயின.

ஐந்தாவதாக ஒரு இளம் பெட்டை. டாக்டர் இமையை விரித்தார். உள்ளே நல்ல சிவப்பு. "இதுக்கு வேண்டாம். அந்தப் பக்கம் விடு."

"வேண்டாம்னா?"

"மருந்து வேண்டாம். இது புழுவைத் தாங்கி நிக்குது."

"எல்லாத்துக்கும்தான டாக்டரம்மா குடுக்கணும்?"

"எல்லாத்துக்கும் குடுத்தா, இந்த மருந்துக்கும் தப்புற புழுவு மட்டும்தான் மந்தையில மிஞ்சும். இன்னும் ஆறு வருசத்துல இதும் கேக்காது. மருந்தே காணாத புழுவு கொஞ்சம் உள்ள கெடக்கட்டு. அதுகூடக் கலந்தாத்தான் மருந்துக்குப் பழகினது பெருகாது."

பூங்கனியக்கா அந்தப் பெட்டையை விடவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணை வெறும் வாயோட விடச் சொல்லுதியளே. செத்துப்போச்சுன்னா?"

"செத்துப்போகாது. தினம் காலையில கண்ணைப் பாருங்க. வெளுத்தா அன்னைக்கே குடுப்போம்."

"ஒரு சொட்டாவது? பேருக்கு?"

"அந்த ஒரு சொட்டுதான் ஒம்பதைக் கொன்னுது" என்றார் டாக்டர்.

கொடுமையான பேச்சு. மரியஜான்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூங்கனியக்கா பெட்டையின் நெற்றியை ஒருமுறை தடவினாள். பிறகு கையை எடுத்தாள். பெட்டை துள்ளி அந்தப் பக்கம் போனது. முடிவில் இருபது ஆடு மருந்து குடித்தது, பதினொன்று குடிக்கவில்லை. குடிக்காததன் காதில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினோம். மருந்து பெற்ற ஆடுகளிலும் ஒன்றின் அளவுபோல இன்னொன்றின் அளவு இல்லை. கடைசி ஆடு போனதும் அவள் குளத்தில் இறங்கி முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கறிக்காரரின் வண்டி வந்தது. கிருஷ்ணமணி பட்டி வாசலில் நின்றார். பூங்கனியக்கா படலைத் திறக்கவில்லை.

"மருந்து ஏறியிருக்கு. கறிக்கு ஆகாது" என்றாள்.

கறிக்காரர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "மருந்து குடுத்தது ஆட்டு நெத்தியிலயா எழுதியிருக்கு? நான் சொல்லமாட்டேன், நீ சொல்லமாட்ட. திங்கிறவன் உப்பு காரம்தான் பாப்பான்."

"திங்கிறவனுக்கும் வயிறு இருக்குல்லா."

"பூங்கனி, ஏத்தி விடுட்டி" என்றார் கிருஷ்ணமணி. குரல் கெஞ்சலாக இருந்தது. "செத்தா குழிக்குத்தான் போவும்."

"ஓஹோ" என்று கறிக்காரர் படல் மேல் எட்டிப் பார்த்தார். கண் கெட்டி அவருக்கு. காதில் சிவப்புத் துணி கட்டிய பதினொன்றையும் உடனே பிரித்துப் பார்த்துவிட்டார். "அது என்ன தனியா?"

கிருஷ்ணமணி சொல்லிவிட்டார். "அதுவளுக்குப் புது மருந்து குடுக்கல்ல. பழைய வெள்ளை மருந்து குடுத்துப் பதினஞ்சு நாளாச்சு."

"பின்ன என்ன? வெள்ளை மருந்துக்கு நாளு தீந்தாச்சு. அந்தப் பதினொண்ணைத் தா. அதுவதான் பாக்க ஆடு மாதிரி இருக்கு. மத்தது இருந்தா உனக்கு, செத்தா மண்ணுக்கு."

இந்தக் கேள்விக்கு டாக்டரும் பதில் சொல்லித் தரவில்லை. அந்தப் பதினொன்றை விற்பதில் ஒரு குற்றமும் இல்லை. யார் வயிற்றுக்கும் கேடில்லை. நான் அவளாக இருந்தால் விற்றிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பூங்கனியக்கா படல் கம்பைப் பிடித்தபடி நின்றாள். கறிக்காரர் டிரைவரிடம் பின்கதவைத் திறக்கச் சொன்னார். கதவுச் சங்கிலி தகரத்தில் மோதிய சத்தத்தில் ஆடுகள் மூலைக்கு ஓடின.

"வேண்டாம்" என்றாள். "மத்ததுவ மருந்துல நிக்குது. இதுவ தானா நிக்குது. வித்தா மருந்துல நிக்கதுவள விப்பேன், நாளு ஆனபொறவு. இதுவள விக்கமாட்டேன். இனி எனக்கு இதுக்க குட்டிதான் வேணும்."

"நாளைக்கு எனக்கு போன் பண்ணப்பிடாது."

"பண்ணமாட்டேன். கதவைச் சாத்திட்டுப் போங்க."

வண்டி திரும்பிப் போனது. கிருஷ்ணமணி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் சாகிற நாள் வந்தால் விற்கவும் வழியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

திங்கள் காலை ஒரு தாய் ஆடு எழுந்திருக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் இன்னொன்று. இரண்டும் மருந்து குடித்தவை. அன்று சாயங்காலம் நான் போனபோது பூங்கனியக்கா பட்டிக்குள் ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாளா என்று கேட்டேன். "இதைப் பாரு. நேத்தைக்கு மாதிரியே இருக்கு. இதைப் பாரு, கொஞ்சம் ரோஸாட்டு தெரியுதா, இல்ல எனக்க ஆசையா?" என்றாள். கிருஷ்ணமணி குளத்தங்கரையில் இரண்டாவது குழியை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் அவளைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன் சாவு இல்லை. வியாழன் இல்லை. வெள்ளிக்கிழமை சிவப்புத் துணிக்காரிகளில் ஒன்றின் இமை வெளுத்தது. அவள் எனக்குப் போன் பண்ணவில்லை. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகம்வரை இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்தாள். எடை போட்டு மருந்து கொடுத்ததும் காதுத் துணியை அவளே அவிழ்த்தாள். "மத்த பத்தையும் பாத்தேன். செவப்புதான். அதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

மருந்து கொடுத்துப் பதினாலாம் நாள், இன்னொரு சனிக்கிழமை. மறுபடி பத்துப் பொட்டலம், அதே உப்புக் கரைசல். மருந்து குடித்த ஆட்டிலிருந்து எட்டு, குடிக்காததிலிருந்து இரண்டு. அவள் பரிசோதனை அறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னபோது, "நான் வந்தா உனக்குக் கணக்குத் தெத்தும்" என்று மறுத்துவிட்டாள். கிருஷ்ணமணி வெளியே ஆட்டோவில் இருந்தார். மருந்து பலிக்காமல் முட்டை பழையபடி இருந்தால், இனி கொடுக்க டாக்டரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதல் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. நான் நம்பாமல் இன்னொருமுறை கரைத்து எண்ணினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரே ஒரு முட்டை. மூன்றாவது சுத்தம். எட்டையும் முடித்தபோது கிராமுக்கு ஐம்பதுகூட வரவில்லை. குடிக்காத இரண்டில் நானூறும் ஐந்நூறும் இருந்தன. டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வெளியே வந்து சொன்னேன். அவள் நம்பரை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் பொட்டலம் எந்த ஆடு என்று அவளுக்குத்தான் தெரியும். ஐந்நூறு என்றதும் கொஞ்சம் யோசித்தாள்.

"அது நெத்திச் சுட்டி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. கெடக்கட்டு, தாங்கும்."

கிருஷ்ணமணி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். "நீ படிச்சவன்லா லே, சுத்தி வளைக்காம சொல்லு. இருவத்தொம்பதும் நிக்குமா?"

"நிக்கும் மாமா. இப்பத்த கணக்குக்கு நிக்கும்."

அவர் மருந்தகத்து வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். பூங்கனியக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து வண்டியைக் கிளப்பினார்.

"கேறுட்டி. மணி பன்னெண்டரை ஆச்சு. அதுவ அங்க பசியில கெடந்து கத்தும்."